பதினான்காவது பயிற்சியின் விடைகள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி உன்னை இரும்புத் தூளோடு சாப்பிட உட்காரவிடுகிறாளா, இல்லை இன்னும் வாசலிலேயே நிறுத்தித் தட்டுகிறாளா?

போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது. தாளில் மழுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பயிற்சி நூல் இந்த வருஷம் பதிப்பகத்தில் என் தலையில் விழுந்திருக்கிறது. முப்பது இலக்கணப் பயிற்சி, இருபது காம்ப்ரிஹென்ஷன். ஒரு பாசேஜ், அதன் கீழே ஐந்து கேள்வி. தேனீ, பாலைவனம், பல் துலக்குவது, நேரம் தவறாமை எல்லாம் எழுதி முடித்தாயிற்று. எழுதும்போது எனக்கே கொட்டாவி வருகிறது. படிக்கப்போகும் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நேற்று விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. நூல் போகும் எழுநூறு பள்ளிகள். நம் பள்ளியும் இருக்கிறது. பக்கத்திலேயே ஆங்கில ஆசிரியரின் பெயர். எதிரொலிதான். எல்லா வரியையும் இரண்டு தடவை சொல்லி எழுதவைக்கும் அதே எதிரொலி. வரும் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். மாலை, சால்வை, மேடை எல்லாம் நடக்கும். 'எத்தனையோ பேருக்கு வாழ்வு கொடுத்தவர்' என்று எவனாவது பேசுவான்.

அதற்கு முன்னால் எனக்கு ஒன்று நடந்தாக வேண்டும். அதே வகுப்பறையில் நின்று, 'அந்தப் பையன் காப்பி அடிக்கவில்லை' என்று அந்த ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

வழி இருக்கிறது. அவர் பாசேஜைப் படித்தே பார்க்கமாட்டார். நானும் அவரிடம் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தேனே, பல்லைக் கடித்துக்கொண்டு. ஆசிரியர்களுக்கு மட்டும் நாங்கள் தரும் விடைப் புத்தகத்தை, அதாவது கீயை, விரிப்பார். அதில் இருப்பதை அப்படியே சொல்லுவார். கீயில் 'பூனை பறந்தது' என்று இருந்தால் அதையும் இரண்டு தடவை சொல்லுவார். அந்தக் கீயை எழுதப்போவது நான்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், சரியா என்று பார். பொதுத் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வு. உன் விடைத்தாளை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டி, "கக்கூஸ் கழுவுறவன் பையனுக்கு இந்த இங்கிலீஷ் எங்கிருந்துடா வந்துச்சு? எந்த கைடுல சுட்டே?" என்று கேட்டார். அப்பா அதே பள்ளியில்தான் கழிவறை கழுவினார். காப்பி என்று எழுதி உன்னைப் பொதுத் தேர்வுக்கே விடவில்லை. நான் அப்போது ஏழாம் வகுப்பு.

வேறு ஏதாவது விட்டுப்போயிருந்தால் எழுது.

உன் தங்கை, வாலு


பிப்ரவரி 27

அன்பு வாலுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியைத் தவிர மற்ற இடங்களில் ஒத்துழைக்கிறது. உன் அண்ணி இன்னும் வாசலில்தான் நிறுத்துகிறாள். தட்டுவதற்குப் பழைய துடைப்பம் ஒன்று தனியாக வைத்திருக்கிறாள்.

நீ எழுதியதைப் படித்தேன். விடு வாலு. பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு வெல்டிங் பட்டறை இருக்கிறது. நான் போட்ட கேட்டு இல்லாத தெரு இந்த ஊரில் இல்லை. நீ ஏசி அறையில் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதுகிறாய். அப்பா இருந்திருந்தால் உன் மேஜையைப் பார்க்கவே ஒரு தடவை வந்திருப்பார். அந்த மேஜையைக் கெடுத்துக்கொள்ளாதே.

தேனீயைப் பற்றியே எழுது. தேனீ யாரையும் வேலையைவிட்டு அனுப்பாது.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

பி.கு: விடைத்தாளை அவர் உயர்த்திக் காட்டவில்லை. தரையில் போட்டார். அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. என்னையே வந்து எடுக்கச் சொன்னார். எழுதாதே என்றுதான் சொல்கிறேன். எழுதினால் தப்பாக எழுதாதே.


மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

அம்மாவை மாடி ஏறவிடாதே. துணி காயப்போட அண்ணி போகட்டும், இல்லையென்றால் நீ போ. எனக்கு லேசாகச் சளி, மற்றபடி நலம்.

உன் பின்குறிப்பை நாலு தடவை படித்தேன். எழுதிவிட்டேன். பதினான்காவது பயிற்சி. ஒரு பக்கம். துப்புரவுத் தொழிலாளியின் மகன், குப்பையிலிருந்து அப்பா எடுத்து வந்த பழைய ஆங்கில இதழ்களைப் படித்தே மொழி கற்றவன். ஆசிரியர் அவன் விடைத்தாளைத் தரையில் போடுகிறார். பெயர் இல்லை, ஊர் இல்லை. வழக்கு போடுவதென்றால் யாராக இருந்தாலும் முதலில் 'அது நான்தான்' என்று ஒப்புக்கொண்டாக வேண்டும்.

கேள்விகள் ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆசிரியர் ஏன் சந்தேகித்தார்? விடைத்தாளை என்ன செய்தார்? இப்படி. ஐந்தாவது: அந்தப் பையன் காப்பி அடித்தானா? கீயில் அதற்கான விடை: 'இல்லை. அவன் காப்பி அடிக்கவில்லை. அது ஆசிரியருக்கும் தெரியும். கடைசிவரை அவன் பொய்யாக ஒப்புக்கொள்ளவில்லை.'

அந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஏப்ரல் நடுவில் அச்சுக்குப் போகிறது. அதற்குள் பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணுக்கு மருந்து போடு.

வாலு


ஏப்ரல் 2

அன்பு வாலுக்கு,

அம்மா சுகம். உன் சளி போயிற்றா?

ஐந்தாவது விடையின் கடைசி வரி தப்பு. எடுத்துவிடு.

நான் ஒப்புக்கொண்டேன். எழுதியே கொடுத்தேன். உனக்கும் அம்மாவுக்கும் இது தெரியாது. அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

மறுநாள் அப்பாவை ஸ்டாஃப் ரூம் வாசலுக்குக் கூப்பிட்டிருக்கிறார். உள்ளே வரச் சொல்லவில்லை. "உன் பையன் தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தான்னா இதோட போயிடும். இல்லேன்னா கமிட்டி, விசாரணை. உன் வேலையும் சேர்ந்து போகும், பார்த்துக்க." அப்பா வீட்டுக்கு வந்து கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். என் முன்னால் ஒரு தாளை வைத்து, "எழுதுடா. இங்கிலீஷ்லயே எழுதணுமாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுதினேன். முக்கால் பக்கம். எதிரொலி அதைச் சிவப்பு மையோடு படித்தார். ஒரு இடத்தில்கூட அவரால் பேனாவை வைக்க முடியவில்லை. காப்பி அடித்தேன் என்று நான் காப்பி அடிக்காமல் எழுதிய தாள் அது. 'இதோட போயிடும்' என்றவர் அந்தத் தாளையே ஆதாரமாக வைத்து என்னைப் பரீட்சைக்கு விடவில்லை. அப்பா அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அவருடைய கழிவறையைக் கழுவினார்.

அவர் காப்பி என்று சொன்ன பதில் எது என்று நீ கேட்டதில்லை. கலங்கரை விளக்கக் காவலாளியைப் பற்றிய பாசேஜ். புயலிலும் அவன் ஏன் விளக்கை விட்டுப் போகவில்லை என்பது கேள்வி. எல்லோரும் 'கடமை உணர்ச்சி' என்று எழுதினார்கள். கீயும் அதைத்தான் சொன்னது. நான், 'மாற்று ஆளை யாரும் அனுப்பவில்லை, அவன் எப்படிப் போவான்?' என்று எழுதினேன்.

நான் சொல்வது என்னவென்றால், விடு. விடமாட்டாய் என்றால் சரியாக எழுது.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணா,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நலமாக இரு.

உன் கடிதத்தை ஆபீஸ் கழிவறையில் நின்று படித்தேன். அதைக் கழுவ வந்த அக்கா, "என்னம்மா, வீட்ல யாருக்காவது ஏதாவதா?" என்று கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கீயைத் திருத்திவிட்டேன். மூன்றாவது விடை: அப்பாவின் வேலை போய்விடும் என்று மிரட்டி எழுதி வாங்கினார். நான்காவது: அவன் எழுதிக் கொடுத்த தாளே அவனுக்கு அந்த மொழி தெரியும் என்பதைக் காட்டியது. ஐந்தாவது: அவன் காப்பி அடிக்கவில்லை. அது ஆசிரியருக்கும் தெரியும். அவ்வளவுதான். பெருமை எதையும் சேர்க்கவில்லை.

ஆனால் ஒரு வினை. எங்கள் தலைமை எடிட்டரை நாங்கள் கத்தரி என்போம். பாசேஜைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, நம்ம புக்கை வாங்கச் சொல்றது யாரு?"

"டீச்சருங்க சார்."

"டீச்சரையே வில்லனாப் போட்டா எந்த டீச்சர் வாங்கச் சொல்லுவான்? கடைக்காரனா மாத்து. கடைக்காரன் கைடு வாங்கமாட்டான்."

"கடைக்காரர் எப்படி சார் விடைத்தாளை..."

"பேனா திருடிட்டான்னு போடு. அதுல என்ன பெரிய கஷ்டம்? கேள்வியையும் மாத்திடு."

மாற்றினேன். இப்போது பாசேஜில் ஒரு கடை, ஒரு கடைக்காரர், அங்கே பெருக்கும் ஆளின் மகன், காணாமல் போன ஒரு பேனா. கேள்விகளிலும் கடைக்காரர்தான். கத்தரி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கீயை நான் மாற்றவில்லை.

கீயை இங்கே யாரும் படிப்பதில்லை. கடைசி நாளில், கட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அச்சகத்துக்குப் போவது அதுதான். மாணவர் புத்தகத்தில் கடைக்காரர் இருப்பார், கீயில் ஆசிரியர் இருப்பார். பாசேஜைப் படிக்கிற ஆசிரியர் முதல் விடையிலேயே 'அச்சகத்தில் எவனோ தூங்கிவிட்டான்' என்று திட்டிவிட்டுத் தானே விடை சொல்லிக்கொடுத்துவிடுவார். படிக்காத ஆள் மட்டும்தான் மாட்டுவார்.

அண்ணியிடம் எதுவும் சொல்லாதே. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

வாலு


ஜூலை 6

அன்பு வாலுக்கு,

மூன்று மாதம் எழுதாததற்குத் திட்டாதே. எல்லோரும் சுகம். அம்மா இப்போது மாடி ஏறுவதில்லை, துணியை நான்தான் காயப்போடுகிறேன். எதிர்வீட்டு ஆள் பார்த்துச் சிரிக்கிறான். அவன் வீட்டு கேட்டு அடுத்த முறை உடையும், அப்போது பேசிக்கொள்கிறேன்.

பெரிய வேலை ஒன்று பிடித்திருக்கிறேன். ஜன்னல்கள். துருப்பிடித்த கம்பிகளை எல்லாம் அறுத்துவிட்டுப் புதுச் சட்டம் போட வேண்டும். முப்பதுக்கு மேல் இருக்கிறது. அவசரமில்லாத வேலை, அதனால் நிதானமாகச் செய்கிறேன்.

உன் புத்தகம் வந்துவிட்டது. அட்டை நன்றாக இருக்கிறது. அவர் இப்போது மூன்றாவது பயிற்சியை முடித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் மட்டும்தான் காம்ப்ரிஹென்ஷன். வாரத்துக்கு ஒன்று.

உனதுதான் பதினான்கு என்பது நிச்சயம்தானே? வரிசை மாறவில்லையே?

வேளைக்குச் சாப்பிடு, மெலிந்துபோய் வந்து நிற்காதே.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அம்மா நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நீ துணி காயப்போடுவதைப் படம் எடுத்து அனுப்பச் சொல் அண்ணியை.

வரிசை மாறவில்லை. பதினான்குதான்.

ஆனால் விஷயம் வெளியே வந்துவிட்டது. ஆசிரியர்களிடமிருந்து கடிதம் வர ஆரம்பித்திருக்கிறது. 'பதினான்காவது பயிற்சியில் பாசேஜும் கீயும் பொருந்தவில்லை, கவனிக்கவும்.' எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? எழுநூறு பள்ளிக்குப் போயிருக்கிறது. பதினோரு பேர். அண்ணா, பதினோரு பேர்தான்! சிலர் இன்னும் அந்தப் பயிற்சிக்கு வரவில்லை என்றே வைத்துக்கொள். மற்றவர்கள்? பிள்ளைகள் புத்தகத்தில் கடையைப் படித்துவிட்டு நோட்டில் பள்ளிக்கூடத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எவனும் 'ஏன்' என்று கேட்கவில்லை, கேட்கவிடவுமில்லை. நான் எதிரொலி ஒரு ஆள் என்று நினைத்திருந்தேன். எழுநூறு வகுப்பறையில் எதிரொலி கேட்கிறது.

கத்தரி திருத்தச் சீட்டு அச்சடிக்கச் சொல்லிவிட்டார். எல்லாப் பள்ளிக்கும் உறையில் வைத்து அனுப்பப்போகிறோம். எதிரொலி பதினான்குக்கு வருவதற்குள் அதுவும் வந்துவிடும். அதை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல்.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். அவர் எத்தனையாவது பயிற்சியில் இருக்கிறார், எந்தக் கிழமை, எந்த மணி என்பதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் வேலை எங்கே நடக்கிறது?

வாலு


செப்டம்பர் 1

அன்பு வாலுக்கு,

சுகம். இங்கே மழை. வெல்டிங் வேலைக்கு மழை ஆகாது, இரண்டு வெள்ளிக்கிழமை வீணாகப் போயிற்று. அவருக்கும் ஒரு வாரம் காய்ச்சல். பத்தாவது முடிந்திருக்கிறது.

உறை இன்னும் வரவில்லை.

உன் போன கடிதத்தின் ஓரத்தில் பசை ஒட்டியிருந்தது. காய்ந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது, கத்தி வைத்துப் பிரித்தேன். முன்பெல்லாம் உன் கடிதத்தில் டீக்கறைதான் இருக்கும். எழுதுகிறவள் எதற்குப் பசையைத் தொடுகிறாள்?

பதில் எழுது. மழுப்பாதே, தாளில் மழுப்பினால் எனக்கும் தெரியும்.

அண்ணன்


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணா,

நலம். உண்மையாகவே நலம்.

ஆகஸ்ட் முதல் வாரமே கத்தரி பழைய கோப்பை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "தப்பா, வேணும்னா?" என்றார். தப்பு என்று சொல்லியிருந்தால் ஒரு மெமோவோடு போயிருக்கும். "வேணும்னுதான் சார்" என்றேன். எதற்கு என்று கேட்டார். சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆள் அவரில்லை.

இப்போது நான் கீழே கிடங்கில் இருக்கிறேன். அனுப்பாமல் மிச்சமிருக்கும் கீ பிரதிகளில் திருத்தச் சீட்டை ஒவ்வொன்றாக ஒட்டுவது என் வேலை. 'பதினான்காவது பயிற்சிக்கான சரியான விடைகள்' என்று மேலே இருக்கும். கடைக்காரர், பேனா, சந்தேகம். என் பகையை நானே பசை தடவி மூடுகிறேன். சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதல் நாள் வந்தது. இந்த மாதக் கடைசியோடு போய்விடச் சொல்லியிருக்கிறார்கள். வேறு பதிப்பகத்தில் கேட்டிருக்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே.

பள்ளிகளுக்கான உறைகளிலும் நான்தான் விலாசம் எழுதினேன். நம் பள்ளியின் உறை கைக்கு வந்தபோது பக்கத்தில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். கிழித்துப்போட்டிருக்கலாம். எண்ணி வாங்குகிறார்கள், முடியவில்லை. பத்தாம் தேதி தபாலில் போய்விட்டது. இந்நேரம் அவர் கையில் இருக்கும். ஒரே ஒரு சீட்டு அண்ணா. உள்ளங்கை அளவுத் தாள். அதைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் முடிந்தது.

நீ என் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. நான் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ எங்கே வேலை செய்கிறாய்?

வாலு


அக்டோபர் 5

அன்பு வாலுக்கு,

அம்மா, அண்ணி, நான், மூவரும் சுகம். கண் மட்டும் கொஞ்சம் எரிகிறது. காரணம் கீழே இருக்கிறது.

நம் பள்ளியில்தான் வேலை செய்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து. நீ எழுதாமல் இருந்திருந்தால் அந்தக் கேட்டுக்குள் காலே வைத்திருக்கமாட்டேன். நீ எழுதிவிட்டாய். அதற்கப்புறம் அதை என் காதால் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. விடு விடு என்று உனக்கு எழுதிக்கொண்டே மேனேஜரிடம் போய் ஜன்னல் வேலையைக் கேட்டு வாங்கினேன். என்னை அங்கே யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தாடி, வெல்டிங் முகக்கவசம், கைநிறையக் கரி. அவருக்கும் தெரியவில்லை. ஒரு நாள், "யோவ், சத்தம் போடாம அறு" என்றார். "சரிங்க சார்" என்றேன்.

மற்ற ஜன்னல்களை எல்லாம் முடித்துவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்திருந்தேன். "என்னப்பா, ஒண்ணு மட்டும் பல்லு போன மாதிரி நிக்குது" என்று வாட்ச்மேன் தினமும் கேட்டார். "கம்பி வரலைண்ணே" என்று தினமும் சொன்னேன். கம்பி அவர் உட்காரும் பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தது.

உன் உறை பதினாறாம் தேதியே வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் மேஜையில் கிடந்தது. மறுநாளும் கிடந்தது. அதன் மேல் டீ கிளாஸ் வைத்துக் குடித்தார். நீ வீணாகப் பயந்தாய் வாலு. படிக்காத ஆள் உறையை மட்டும் படிப்பானா?

நேற்று வெள்ளிக்கிழமை, கடைசி மணி. ஜன்னல் சட்டத்தைத் தூக்கி நிறுத்தி, வெளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள். கீயைப் பிரித்தார். 'பதினான்கு' என்றார், இரண்டு தடவை.

முதல் விடை: 'ஆசிரியர் அந்தப் பையனைச் சந்தேகித்ததற்குக் காரணம் அவன் அப்பாவின் வேலை.' இரண்டு தடவை. மூன்றாவது பெஞ்சில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், பாசேஜ்ல டீச்சரே இல்லையே சார். கடைக்காரர்தானே?"

"கீயில என்ன இருக்கோ அதை எழுது. கீயை விட நீ பெரிய ஆளா? உக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்தாள், முகம் சிவந்துபோயிற்று. இரண்டாவது விடை: 'விடைத்தாளைத் தரையில் போட்டு, அவனையே வந்து எடுக்கச் சொன்னார்.' இரண்டு தடவை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எல்லாவற்றையும் இப்படியே சொல்லிவிட்டு, எதுவும் உறைக்காமல் வீட்டுக்குப் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

மூன்றாவது: 'அப்பாவின் வேலை போய்விடும் என்று மிரட்டி, செய்யாத தவறைச் செய்ததாக எழுதி வாங்கினார்.' ஒரு தடவைதான் சொன்னார். இரண்டாவது தடவை வரவில்லை. "சார், ரிப்பீட் சார்" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. அவர் உதடு அசைய, தனக்குள்ளேயே கீழே படித்துக்கொண்டு போனார். அவர் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கீயை மூடினார். "இதோட போதும். அடுத்த வாரம் பார்க்கலாம்."

"இன்னும் ரெண்டு விடை இருக்கே சார்" என்றான் ஒருவன்.

"நீங்களே எழுதிக்குங்க."

அந்தக் கண்ணாடிப் பெண் மறுபடி எழுந்தாள். என்ன தைரியம்! "கீயில இருக்கறதைத்தான் எழுதணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அஞ்சாவது கேள்வி, அந்தப் பையன் குத்தம் செஞ்சானா, இல்லையா?"

நான் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கத்தில் போய் நின்றேன்.

"சொல்லுங்க சார். பிள்ளைங்க பேனாவைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கு."

என்னைப் பார்த்தார். முதலில் கோபமாகப் பார்த்தார், வேலைக்காரனைப் பார்ப்பதுபோல. பிறகு வேறு மாதிரிப் பார்த்தார். அப்பாவின் சாயல் எனக்கு இந்த வயதில் அப்படியே வந்திருக்கிறது என்று அம்மா சொல்லுவாள். அதைத்தான் பார்த்திருப்பார். நாற்பத்திரண்டு பேரும் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கீயைத் திறந்தார். பக்கம் கிடைக்கவில்லை, தேடினார். நான்காவதைச் சொன்னார். ஐந்தாவதைச் சொன்னார். 'அந்தப் பையன் காப்பி அடிக்கவில்லை. அது ஆசிரியருக்கும் தெரியும்.'

"கேக்கலை சார். ரிப்பீட்" என்றாள் அந்தப் பெண்.

மறுபடி சொன்னார்.

சொல்லிவிட்டார் வாலு. நீ கேட்டது நடந்துவிட்டது. அதே வகுப்பறை, அவர் வாய். எனக்குள் ஏதாவது இறங்கியிருக்கும் என்று நினைப்பாய். இறங்கவில்லை. அப்பா கை கழுவிக்கொண்டு நின்றதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

மணி அடித்துப் பிள்ளைகள் போனபிறகு அவர் வராந்தாவுக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார், யாரும் இல்லை என்று.

"நீ... அவரோட பையன்தானே?" என் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. "மன்னிச்சிடுப்பா. அப்போ நிலைமை அப்படி. மனசுல வெச்சுக்காதே."

"திங்கக்கிழமை பிள்ளைங்க வருவாங்க சார். அவங்க முன்னாடி சொல்லுங்க. என்னை நாப்பது பேர் முன்னாடிதானே திருடன்னீங்க?"

"இன்னும் ஆறு மாசம்தான்பா இருக்கு. மரியாதையா போயிடறேன். நீ வேணும்னா வீட்டுக்கு வா, உக்காந்து பேசலாம்."

வீட்டுக்கு! உட்கார வைத்து! பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவை ஸ்டாஃப் ரூமுக்குள்ளேயே விடாத ஆள்.

"வேலை இருக்கு சார்" என்றேன். "இந்த ஜன்னலை இன்னைக்கே முடிக்கணும். வெளிச்சத்தைப் பாக்காதீங்க, கண்ணு போயிடும். அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

திரும்பினார். போகவில்லை. நான் ஏதாவது பதில் சொல்லுவேன் என்று காத்திருந்தார் போல. சுவரைப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் பற்றவைத்தேன். அவசரத்தில் கவசத்தைச் சரியாக இறக்கவில்லை, அதுதான் கண் எரிச்சல்.

அந்தச் சட்டத்தைப் பற்றவைக்க, உருகித் தீரும் வெல்டிங் ராடு இரண்டு போதும். நான் ஏழு ராடு எரித்தேன். ஏழாவது தீரும்வரை அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

வேறு வேலை கிடைத்ததும் எழுது.

உன் அண்ணன்